லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் தத்துவம்: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை

அமெரிக்காவில் நான் எழுதிய முதல் தத்துவக் கட்டுரை இப்படித் தொடங்கியது: "ஆதிகாலம் தொட்டு மனிதன் அறிவைப் பற்றிச் சிந்தித்து வந்திருக்கிறான்." ஒரு வாரம் கழித்துத் தாள் கைக்கு வந்தபோது அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தது: "உனக்கு எப்படித் தெரியும்?" நாலு பக்கம் முடிவதற்குள் அதுபோலப் பதினாறு கேள்விகள். பொதுத்தேர்வில் கூடுதல் விடைத்தாள் கேட்டு வாங்கி எழுதிப் பழகியவனுக்கு அது பெரிய அடி. இரண்டு நாள் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது. நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். அதுவரை என் எழுத்தை யாரும் அப்படிப் படித்ததில்லை.

சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் தத்துவம் படிக்கப் போகிறவர் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் சரக்கு அந்தப் பென்சில் கேள்விகள்தான். கல்லூரியைத் தேர்வதிலிருந்து ஆய்வேடு வரை கீழே நான் சொல்கிற எதையும் ஒரே அளவுகோலால்தான் அளந்திருக்கிறேன்: நான் எழுதியதையும் பேசியதையும் எத்தனை முறை ஒருவர் நிறுத்தி "ஏன்?" என்று கேட்பார்?

படி 1: எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் நம் ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் நினைவுக்கு வரும். இரண்டும் வேறு. அங்கே இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் எல்லாமே உண்டு. நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் முனைவர் பட்ட மாணவர்களே இருக்க மாட்டார்கள். மொத்த மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டாயிரம். சேரும்போதே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எது என்று அறிவித்தால் போதும். பல கல்லூரிகளில் செமஸ்டருக்கு நான்கு பாடங்கள், நான்கு ஆண்டில் 32. அவற்றில் தத்துவ மேஜருக்குப் பத்துப் பாடங்கள் முன்பின்னாக ஆகும். மீதி உங்கள் விருப்பம், கொஞ்சம் கல்லூரியின் கட்டாயம்.

முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால் என்ன வித்தியாசம்? பெரிய பல்கலைக்கழகத்தின் அறிமுக வகுப்பில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தாள் திருத்துபவர் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவராக இருப்பார். சிறிய கல்லூரியில் பாடம் நடத்தியவரேதான் திருத்துவார். ஆனால் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைவு. தத்துவத் துறையில் ஆறு பேர் இருந்தால் அது நல்ல துறை. இருவர் ஒரே ஆண்டில் ஆய்வு விடுப்பில் போய்விட்டால் நீங்கள் காத்திருந்த பாடமும் அவர்களோடு போய்விடும்.

படி 2: துறையை உளவு பாருங்கள்

எல்லா லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளும் ஒரே அச்சு என்று நினைக்க வேண்டாம். மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் டுட்டோரியல் என்ற வகுப்பு முறை உண்டு. ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் ஐந்தாறு பக்கக் கட்டுரை எழுதி வாசிக்க, மற்றவர் அதை விமர்சிக்க வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறும். ஒளிந்துகொள்ள அங்கே கடைசி பெஞ்சே கிடையாது. பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள ஸ்வார்த்மோரில் 1922 முதல் ஹானர்ஸ் திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்தவர்களுக்குக் கடைசித் தேர்வு நடத்துபவர்கள் வெளிக் கல்லூரிகளிலிருந்து வரும் பேராசிரியர்கள், எழுத்திலும் நேர்முகத்திலும். ஆரிகன் மாநிலத்து ரீட் கல்லூரியில் எல்லா மாணவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். மதிப்பெண்ணோ நீங்களே கேட்டால்தான் சொல்வார்கள். ஆம்ஹர்ஸ்டில் முதலாண்டு செமினார் ஒன்றைத் தவிரக் கல்லூரி முழுமைக்கும் பொதுவான கட்டாயப் பாடமே இல்லை. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி தனி ரகம். மேரிலாந்திலும் நியூ மெக்சிகோவிலும் வளாகம் வைத்திருக்கும் அங்கே மேஜர் என்ற பேச்சே இல்லை. 1937 முதல் எல்லோரும் ஒரே பாடத்திட்டத்தில் மூல நூல்களைப் படிக்கிறார்கள். செமஸ்டர் முடிவில் ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து, உங்களை எதிரில் வைத்துக்கொண்டே, உங்களைப் படர்க்கையில் பேசி மதிப்பிடுவார்கள். பெண் பார்க்கும் படலம் போலத்தான். ஆனால் பேச்சு முழுக்க உங்கள் படிப்பைப் பற்றியது.

தரவரிசைப் பட்டியலை ஓரமாக வையுங்கள். தத்துவத்தில் அதிகம் பேசப்படும் தரவரிசை முனைவர் பட்டத் துறைகளுக்கானது. இளநிலை மாணவருக்கு அதனால் பயன் சொற்பம். பதிலாகத் துறையின் இணையப் பக்கத்துக்குப் போய்க் கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையாக நடத்தப்பட்ட பாடங்களைப் பாருங்கள். கையேட்டில் அச்சாகியிருக்கும் பாடங்கள் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்ட உறவினர்கள் மாதிரி. எல்லோரும் மண்டபத்துக்கு வருவதில்லை. பண்டைய கிரேக்கத் தத்துவம், டேக்கார்ட் முதல் காண்ட் வரையிலான காலம், தர்க்கவியல், அறவியல் ஆகிய நான்கும் தவறாமல் நடக்கின்றனவா? இந்தியத் தத்துவமோ சீனத் தத்துவமோ கற்பிக்க ஒருவராவது இருக்கிறாரா? பக்கத்துக் கல்லூரியில் போய்ப் படிக்க முடியுமா? ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பிரின் மார் மூன்றும் தங்களுக்குள் மாணவர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆம்ஹர்ஸ்டைச் சுற்றி ஐந்து கல்லூரிகளின் கூட்டமைப்பு இருக்கிறது. ஆசிரியர் குறைவு என்ற குறைக்கு அது பெரிய மருந்து.

பிறகு துறைத் தலைவருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்பி ஒரே கேள்வி கேளுங்கள்: முதலாண்டு மாணவர் ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரை எழுதுவார், திருத்தி மறுபடி எழுத வாய்ப்புண்டா? பதில் வரும் விதத்திலேயே துறையின் குணம் தெரிந்துவிடும்.

படி 3: விண்ணப்பமும் பணமும்

இதில் தத்துவம் எதுவும் இல்லை, ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்குக் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் போதும். அதன் முதன்மைக் கட்டுரை 650 சொற்களைத் தாண்டக் கூடாது. முன்கூட்டிய முடிவுக்கு விண்ணப்பிப்பவர்களின் முதல் சுற்றுக் கெடு நவம்பரில். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம் வாக்கில் கெடு, மார்ச் இறுதியில் முடிவு, மே 1க்குள் உங்கள் பதில்.

பெயர்பெற்ற கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. அந்தத் தொகையைப் பார்த்து மிரள வேண்டாம். அதை முழுதாகக் கட்டாதவர்கள் ஏராளம். ஆனால் ஒரு நுணுக்கம். ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற வெகுசில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமல் இடம் கொடுத்து, பிறகு தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. மற்றவற்றில் உதவி கேட்டாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும். அதற்காகக் கேட்காமல் சேர்ந்துவிட்டு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு கேட்டாலும் தருவதில்லை என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற வருமானப் படிவத்தை அப்பா, அம்மா, ஒரு கணக்காளர் மூவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

கட்டுரையில் "சிறுவயது முதலே வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடினேன்" என்று எழுதாதீர்கள். நீங்கள் உறுதியாக நம்பியிருந்த ஒன்றை எது, எப்போது அசைத்தது என்று எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

படி 4: முதல் ஆண்டில் இரண்டே பாடங்கள்

எடுத்தவுடன் நான்கு தத்துவப் பாடங்களை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் செமஸ்டரில் ஓர் அறிமுகப் பாடம், இரண்டாவதில் தர்க்கவியல். தர்க்கவியலைக் கடைசிவரை தள்ளிப்போடுபவர்கள் உண்டு, கணக்கு மாதிரி இருக்கிறதென்று. நம் பள்ளிகளில் கணிதம் படித்தவர்களுக்கு அது உண்மையில் தெரிந்த ஊர். ஆங்கிலம் தடுமாறும் முதலாண்டில் மதிப்பெண்ணைத் தாங்கிப் பிடிக்கும் பாடமும் அதுதான். மற்ற இடங்களை வேதியியலுக்கோ வரலாற்றுக்கோ விட்டுவைத்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான தத்துவவாதிகளில் ஒருவரான டேவிட் லூயிஸ் ஸ்வார்த்மோரில் வேதியியல் படிக்கத்தான் சேர்ந்தார். இடையில் ஓராண்டு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது தத்துவத்துக்கு மாறியிருந்தார்.

படி 5: மூன்று பக்கத்தை மூன்று மணி நேரம் படியுங்கள்

முதல் வாரம் ஆசிரியர் "அடுத்த வகுப்புக்கு மூன்று பக்கம்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது அமெரிக்கத் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் 1963இல் வெளியிட்ட கட்டுரை. அறிவு என்றால் என்ன? உண்மையான, தக்க காரணமுள்ள நம்பிக்கையே அறிவு என்பது பழைய விடை. கெட்டியர் ஒரு கதை சொல்கிறார். ஸ்மித்தும் ஜோன்ஸும் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். ஜோன்ஸுக்குத்தான் வேலை என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதை ஸ்மித் எண்ணியும் பார்த்திருக்கிறார். ஆகவே, "வேலை கிடைக்கப் போகிறவரின் பையில் பத்து நாணயங்கள் இருக்கின்றன" என்று முடிவு கட்டுகிறார். கடைசியில் வேலை கிடைப்பது ஸ்மித்துக்கே. அவருக்கே தெரியாமல் அவர் பையிலும் பத்து நாணயங்கள்! அவர் நம்பியது உண்மை. நம்பக் காரணமும் இருந்தது. ஆனால் அது அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்வோமா?

முதல் வாசிப்பில் கதை புரியும், பத்து நிமிடம். இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன செய்கிறது என்று எழுதுங்கள்: "எதிராளியின் வரையறை", "எடுத்துக்காட்டு", "முடிவு" என்று இரண்டு மூன்று சொல்லில். மூன்றாவது வாசிப்பில்தான் விஷயமே இருக்கிறது. கதையைத் தொடங்குமுன் கெட்டியர் இரண்டு செய்திகளை நம்மிடம் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார். ஒன்று, பொய்யான ஒன்றையும் தக்க காரணத்தோடு நம்ப முடியும். இரண்டு, அப்படி நம்பியதிலிருந்து முறைப்படி பெறப்படுவதை நம்பவும் தக்க காரணம் உண்டு. நாணயக் கதையின் சுவையில் இந்த இரண்டையும் தாண்டி ஓடிவிடுவோம். நான் ஓடினேன். வகுப்பில் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வியே, "இரண்டாவதை ஏன் ஒப்புக்கொண்டாய்?"

இந்தியத் தத்துவப் பாடம் கிடைத்தால் தர்மோத்தரரைத் தேடுங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தர். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. மொய்க்கும் பூச்சிக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவன் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். நெருப்பும் இருக்கிறது. கெட்டியருக்கு ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் முந்திய எடுத்துக்காட்டு. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிட்டால் பயனில்லை. இரண்டு எடுத்துக்காட்டும் ஒரே குறையைத்தான் காட்டுகின்றனவா என்று கேட்டால் அரை மணி நேரம் நல்ல சண்டை நடக்கும்.

ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு கட்டுரையும் துறை அறிஞர் எழுதியது. ஆனால் மூலத்தைப் படிக்குமுன் அதைத் திறக்காதீர்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற கதையாகிவிடும்.

படி 6: கட்டுரையில் எதிராளிக்கு நல்ல நாற்காலி போடுங்கள்

"கெட்டியரின் வாதத்தின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராயும்" என்ற வரியை எழுதினால் தாள் அப்படியே திரும்பி வரும். அது எதையும் சொல்லவில்லை; எவரும் அதை மறுக்க முடியாது. மறுக்க முடிகிற வரி வேண்டும். இப்படி: "ஸ்மித்தின் நம்பிக்கை அறிவாகாமல் போனதற்குக் காரணம் அது ஜோன்ஸுக்கு வேலை என்ற பொய்யின் வழியாக வந்ததுதான், ஆகவே பழைய வரையறையோடு 'பொய்யான படி கூடாது' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும் என்று வாதிடுவேன்." நான் என்ற சொல் வந்தால் தப்பில்லை. யாருடைய வாதம் என்று ஒளித்து எழுதுவதுதான் அங்கே தப்பு.

அடுத்து, உங்களை வீழ்த்தக்கூடிய எதிர்வாதத்தை நீங்களே கொண்டுவர வேண்டும். அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் கோல்ட்மன் 1976இல் எழுதியதில் ஒருவர் கிராமப்புறத்தில் கார் ஓட்டிப் போகிறார். சாலையோரம் தானியக் களஞ்சியம் ஒன்றைப் பார்த்து "அது களஞ்சியம்" என்கிறார். அது உண்மையிலேயே களஞ்சியம்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் மற்றவை எல்லாம் சினிமா செட் மாதிரி முன்பக்கம் மட்டும் நிறுத்திய போலிகள். இவர் எந்தப் பொய்யையும் படியாக வைத்துத் தாண்டவில்லை. கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான். இவருக்குத் தெரியும் என்று சொல்லத் தயங்குகிறோம் என்றால் உங்கள் நிபந்தனை போதவில்லை. இதைக் கொண்டுவந்து பதில் சொல்லியிருந்தால் அது கட்டுரை. சொல்லாமல் விட்டால் ஓரத்தில் பென்சில் அதைக் கேட்கும்.

நமக்கு இது புதிய வித்தையே அல்ல. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் முதலில் பரபக்கத்தில் பதினான்கு மாற்றுக் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தன் கொள்கையைச் சுபக்கத்தில் பேசுகிறது. நம் உரையாசிரியர்களும் "அஃதேல்... எனின்" என்று தடையை எழுப்பி விடை சொல்லாமல் நகர மாட்டார்கள். முதலாண்டில் கட்டுரை வரவே இல்லை என்று தவித்தபோது, அந்த "எனின்"களை நினைத்துக்கொண்டு பத்திக்கு ஒன்றாகப் போட்டு எழுதிப் பார்த்தேன். ஆங்கிலம் மேம்படவில்லை, மதிப்பெண் மேம்பட்டது.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கொண்டு எழுதி வாங்கிய கட்டுரைக்கும் ஓரக் குறிப்புகள் வரும். பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை. பிடிபடாவிட்டால், ஆண்டுக்கு 80,000 டாலர் மதிப்புள்ள கேள்விகள் இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

படி 7: மேசையில் வாய் திறவுங்கள், கதவைத் தட்டுங்கள்

பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் வகுப்பில் மௌனம் மரியாதையாகக் கொள்ளப்படுவதில்லை. படிக்காமல் வந்திருக்கிறார் என்றே எண்ணுவார்கள். பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு. முதல் மாதம் நான் வாயே திறக்கவில்லை. சார் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன், சார் முடிக்கவே இல்லை. எளிய வழி ஒன்று: முன்கூட்டியே ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போய், வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். "23ஆம் பக்கத்தில் இவர் இப்படிச் சொல்கிறார், 25இல் வேறு மாதிரி சொல்கிறார், இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?" என்பது போதும். ஆசிரியரை மறுத்துப் பேசினால் அவர் முகம் மலரும். இதை நம்பவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் புரொபசர் என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேருங்கள். வேறு மாதிரி வேண்டுமானால் அவரே சொல்வார்.

ஆபீஸ் அவர்ஸ் என்று வாரத்தில் சில மணி நேரம் ஆசிரியர் அறையில் காத்திருப்பார். தவறு செய்தவர்களைக் கூப்பிடும் ஹெட்மாஸ்டர் அறை என்று நினைத்து ஒதுங்காதீர்கள். "எதுவும் புரியவில்லை" என்று போனால் அவரால் உதவ முடியாது. புரியாத ஒரு வாக்கியத்தைக் கோடிட்டு எடுத்துப் போங்கள்.

படி 8: மேஜரும் விசாவும்

இரண்டாம் ஆண்டின் முடிவில் மேஜர் அறிவிக்கும்போது வீட்டிலிருந்து தொலைபேசி வரும். "தத்துவம் படித்து என்ன வேலை?" அந்தக் கேள்விக்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவர் பட்டத்துக்குப் பிறகு ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு, தத்துவத்துக்குக் கிடையாது. அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்க்க நினைப்பவர்கள் கணிதத்தையோ கணினி அறிவியலையோ இரண்டாவது மேஜராக எடுப்பது இதனால்தான். 32 பாடங்களில் இரண்டு மேஜருக்கு இடம் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் ஆய்வேடு எழுதலாம் என்று ஆசைப்படாதீர்கள். நாவலாசிரியர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் ஆம்ஹர்ஸ்டில் தத்துவத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆய்வேடு எழுதி 1985இல் பட்டம் பெற்றார். அவர் விதிவிலக்கு.

தத்துவம் படித்தவர்கள் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் மொழிப் பகுதியிலும் எழுத்துப் பகுதியிலும் முன்வரிசையில் நிற்பது உண்மை. அதைக் காட்டி வீட்டைச் சமாதானப்படுத்தலாம். தத்துவம் அவர்களை அப்படி ஆக்கியதா, ஏற்கெனவே அப்படி இருந்தவர்கள் தத்துவத்துக்கு வந்தார்களா என்ற கேள்வியை மட்டும் வீட்டில் எழுப்ப வேண்டாம்.

படி 9: ஆய்வேடு

மூன்றாம் ஆண்டு வசந்த செமஸ்டரில் வழிகாட்டியைப் பிடித்துவிடுங்கள். அவர் அடுத்த ஆண்டு விடுப்பில் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தலைப்பு சிறியதாக இருக்கட்டும். "சுதந்திர சித்தம்" என்று போனால் வழிகாட்டி தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். ஏற்கெனவே எழுதிய கட்டுரைகளில் ஓரக் கேள்வி ஒன்றுக்காவது உங்களால் அன்று பதில் சொல்ல முடியாமல் போயிருக்கும். அதுதான் தலைப்பு. தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வாரத்துக்கு ஐந்து பக்கம், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். டிசம்பருக்குள் முதல் இரண்டு இயல்களின் வரைவு கையில் இருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். விண்ணப்பத்தோடு 15, 20 பக்க எழுத்து மாதிரி ஒன்றை டிசம்பர், ஜனவரியிலேயே அனுப்ப வேண்டும், அது பெரும்பாலும் ஆய்வேட்டின் ஓர் இயலாகவே இருக்கும். தத்துவப் பேராசிரியர் வேலைகள் மிகக் குறைவு என்பதை அப்போதே வழிகாட்டியிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி மழுப்ப மாட்டார்.

ஆய்வேட்டின் மேல் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் அதை முழுதாகப் படிக்காதீர்கள். முதல் பக்கத்தில் "வாதிடுவேன்" என்று எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தாளில் எழுதி, அறை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு மணி நேரம் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் வேதியியல் மாணவராக இருந்தால் இன்னும் நல்லது.